குற்றவியல் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் என்ன செய்வார்? எட்வின் சதர்லேண்டை வைத்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. கிரிமினாலஜி முதலாண்டு படிக்கிறீர்கள். பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. "அவர் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை, அப்புறம் என்னதான் செய்வார்?" என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வரவில்லை. அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லேண்டின் பெயர் எல்லாத் தாளிலும் வருகிறது. ஆனால் அந்த மனிதர் எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார், அந்தக் கோட்பாடுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது நோட்ஸில் இல்லை. அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்து அவர் வாழ்க்கையே பதில் சொல்லும். சதர்லேண்ட் 1913 முதல் 1950 வரை ஐந்து கல்வி நிலையங்களில் வேலை பார்த்தவர். அந்த முப்பத்தேழு ஆண்டில், 1920களிலிருந்து கடைசி வரை அவர் கையை விட்டு இறங்காத வேலை ஒன்று உண்டென்றால், அது ஒரே பாடப்புத்தகத்தைத் திருத்தித் திருத்தி எழுதியதுதான். யாராவது வந்து அவருடைய துறையையே பழித்தால், அல்லது அவர் சொன்னதில் ஓட்டை காட்டினால், அடுத்த பதிப்பில் அதற்குப் பதில் இருக்கும். 'குற்றவாளி எப்படிப்பட்ட ஆள்?' என்ற கேள்வியோடு தொடங்கிய புத்தகம், 'யாரைக் குற்றவாளி என்று எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம்?' என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தது. துறையே அவரோடு அந்தத் தூரத்தைக் கடந்தது.

சதர்லேண்ட் 1883ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிப்பன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் சதர்லேண்ட் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், கண்டிப்பான மதப்பற்று உள்ளவர். பிறகு கிராண்ட் ஐலண்ட் கல்லூரியின் தலைவரானார். மகனும் அதே கல்லூரியில் 1904இல் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டு சியூ ஃபால்ஸ் கல்லூரியில் லத்தீன், கிரேக்கம், வரலாறு, சுருக்கெழுத்து என்று கிடைத்ததையெல்லாம் கற்பித்தார். அப்போது அவர் மனதில் இருந்தது வரலாற்றுப் படிப்பு. குற்றவியல் அந்தப் பக்கமே இல்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு 1906இல் போனார். அங்கே சார்ல்ஸ் ஹென்டர்சன் என்ற பேராசிரியரின் வகுப்பில் உட்கார்ந்ததும் சமூகவியல் பக்கம் திரும்பினார். ஹென்டர்சன் ஒரு போதகரும்கூட. சிறைச் சீர்திருத்தம், ஏழைகள் நலம் என்று அலைந்தவர். ஆனால் சதர்லேண்டை ஆழமாகப் பாதித்த இன்னொருவர் பொருளாதாரத் துறையில் இருந்தார்: தொழிற்சங்கங்களை ஆராய்ந்த ராபர்ட் ஹாக்ஸி. 1913இல் சதர்லேண்ட் வாங்கிய முனைவர் பட்டம் சமூகவியலுக்கும் அரசியல் பொருளாதாரத்துக்கும் சேர்த்துத்தான். ஆய்வுத் தலைப்பு, வேலையில்லாதவர்களும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களும். குற்றம் பற்றி அதில் எதுவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முப்பது ஆண்டு கழித்து அவர் பெருநிறுவனங்களின் வழக்குக் கட்டுகளைப் புரட்டியபோது, தொழில், கூலி, சந்தை என்பதெல்லாம் அவருக்குப் பழகிய நிலமாக இருந்தது. குற்றத்தை மட்டுமே படித்தவருக்கு அந்தக் கட்டுகளைத் திறக்கவே தோன்றியிருக்காது.

பட்டம் வாங்கியதும் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் கூப்பிடவில்லை. மிசௌரி மாநிலத்தின் லிபர்ட்டி ஊரில் வில்லியம் ஜூவல் என்ற சிறு பாப்டிஸ்ட் கல்லூரியில் 1919 வரை ஆறு ஆண்டு இருந்தார். அந்த ஆறு ஆண்டில் அவர் அச்சில் கொண்டுவந்தது மிகக் குறைவு. கட்டுரைகளை எண்ணி ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் கணக்குப்படி பார்த்தால் அவருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்காது.

இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறியபின்தான் திருப்பம். துறைத் தலைவர் எட்வர்ட் ஹேய்ஸ், லிப்பின்காட் பதிப்பகத்துக்காக ஒரு பாடநூல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள் என்று இவரைக் கேட்டார். கேட்டதால் எழுதினார். 1924இல் 'கிரிமினாலஜி' வெளிவந்தது. அதுவரை சிதறிக் கிடந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் போட்ட புத்தகம் அது. குற்றத்துக்கு வறுமை ஒரு காரணம், குடும்பம் ஒரு காரணம், பகுதி ஒரு காரணம் என்று பல காரணங்களை வரிசையாக வைக்கும் முறையை அப்போது அவரும் ஏற்றிருந்தார். தனக்கென்று ஒரு கோட்பாடு இருப்பதாக அவரே நினைக்கவில்லை.

ஆனால் சலிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஓர் உதாரணம் போதும். குற்றவாளிகளில் பெரும்பாலோர் மந்த புத்திக்காரர்கள் என்று அந்தக் காலத்தில் உளவியல் சோதனைக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். சதர்லேண்ட் அதுவரை வந்திருந்த சுமார் 350 சோதனை அறிக்கைகளை எடுத்து ஆண்டு வாரியாக அடுக்கினார். 1910 முதல் 1914 வரை வந்த அறிக்கைகளில் மந்த புத்தி என்று முத்திரை குத்தப்பட்டோர் பாதிக்கு மேல். 1925 முதல் 1928 வரை வந்தவற்றில் 20 சதவீதம். பத்துப் பதினைந்து ஆண்டில் திருடர்களுக்கெல்லாம் திடீரென்று புத்தி வளர்ந்துவிடுமா? மாறியது சோதனை முறையும் சோதிப்பவர் கையும்தான். 1931இல் அந்தக் கட்டுரை வந்தபின் அந்த வாதம் பழைய வேகத்தில் எழவில்லை. ஒரு குற்றவியல் பேராசிரியர் என்ன செய்வார் என்று வீட்டில் கேட்டால், இந்த ஒரு கட்டுரையைச் சொன்னாலும் போதும்: ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று சொல்லும் புள்ளிவிவரத்தை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1926 முதல் மூன்று ஆண்டு, நியூயார்க்கில் பியூரோ ஆஃப் சோஷியல் ஹைஜீன் என்ற ஆய்வு அமைப்பில் ஓராண்டு, பிறகு 1930இல் சிகாகோவுக்கே ஆராய்ச்சிப் பேராசிரியராகத் திரும்பினார். அங்கேதான் பெரிய அடி விழுந்தது.

அந்த பியூரோ, குற்றவியலுக்கென்று ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கலாமா என்று பார்த்துச் சொல்ல இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தது. ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜெரோம் மைக்கேல். மற்றவர் தத்துவம் படித்த மார்டிமர் ஆட்லர். அவர்களின் அறிக்கை 1933இல் புத்தகமாகவும் வந்தது. சாரம் இதுதான்: குற்றத்தின் காரணம் பற்றி அறிவியல் என்று சொல்லத்தக்க அறிவு ஒன்றுகூட இந்தத் துறையில் இல்லை. ஆகவே நிறுவனம் தொடங்கினால் குற்றவியலாளர்களை விட்டுவிட்டு வேறு அறிவியல் துறையினரைக் கொண்டு தொடங்குங்கள்.

சதர்லேண்டுக்குக் கோபம் வந்தது, மறுத்து எழுதினார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. கோபம் அடங்கியபின் அந்த அறிக்கையில் உண்மை இருப்பதை ஒத்துக்கொண்டார். வறுமை, குடும்பம், பகுதி என்று காரணங்களை எண்ணிக்கொண்டே போனால் அது பட்டியல்தான், விளக்கம் ஆகாது. பணக்காரனும் குற்றம் செய்கிறான், ஏழைகளில் பெரும்பாலோர் செய்வதில்லை. எல்லாக் குற்றத்திலும் பொதுவாக நடப்பது எது? இந்தக் கேள்வி அதன்பின் அவரை விடவே இல்லை. நம் துறைகளில் ஒரு கடுமையான மதிப்புரை வந்தால் எழுதியவரின் சாதி, ஊர், குரு என்று ஆராயத் தொடங்கிவிடுகிறோம். இவர் தன் துறையையே குப்பை என்றவர்களிடம் பாடம் எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

அந்தக் காலத்திலேயே அவர் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தார். சிக் கான்வெல் என்று புனைபெயர் கொடுக்கப்பட்ட ஒரு தொழில்முறைத் திருடர் சிகாகோவில் அவருக்குப் பழக்கமானார். இருபது ஆண்டுக்கும் மேலாகப் பிக்பாக்கெட், கடைத்திருட்டு, ஆசை காட்டி ஏமாற்றுவது என்று பிழைத்தவர். சதர்லேண்ட் கேள்விகளையும் தலைப்புகளையும் எழுதிக் கொடுப்பார். கான்வெல் அதற்கு எழுதிக் கொண்டுவருவார். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். வாரத்துக்குச் சுமார் ஏழு மணி நேரம், பன்னிரண்டு வாரம். பேசியதை சதர்லேண்ட் எழுதி, திரும்பவும் அவரிடமே காட்டித் திருத்துவார். அதோடு விடாமல் அந்தக் கையெழுத்துப் படியை வேறு நான்கு தொழில்முறைத் திருடர்களிடமும், துப்பறியும் வேலையிலிருந்து விலகிய இரண்டு பேரிடமும் கொடுத்துச் சரிபார்த்தார். ஆறு பேரும் அதில் சொன்னதைப் பெரிதாக மறுக்கவில்லை. 1937இல் 'தி ப்ரொஃபஷனல் தீஃப்' வெளிவந்தது. கான்வெல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்தப் புத்தகத்தில் இரண்டு சங்கதிகள் முக்கியம். ஒன்று, யார் வேண்டுமானாலும் தொழில்முறைத் திருடன் ஆகிவிட முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் ஒருவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கூட வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், 'இவன் நம்ம ஆள்' என்று ஏற்க வேண்டும். கைப்பழக்கம், பேச்சுச் சாமர்த்தியம், பங்கு பிரிப்பதில் நேர்மை, மாட்டிக்கொண்டால் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமை, எல்லாமே பயிற்சி. இரண்டு, மாட்டிக்கொண்டால் 'சரிக்கட்டுவது'. பணத்தைப் பறிகொடுத்தவரைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அமைதிப்படுத்துவது, போலீஸிலோ நீதிமன்றத்திலோ ஆளைப் பிடிப்பது. இதற்கென்றே ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். திருட்டு சமூகத்துக்கு வெளியே நடக்கும் ஒன்று என்ற எண்ணம் இங்கேயே உடைகிறது.

சிகாகோவில் அவர் நிலைக்கவில்லை. 1935இல் இண்டியானா பல்கலைக்கழகம் சமூகவியலுக்குத் தனித் துறை அமைத்து அவரைத் தலைவராக அழைத்தது. ப்ளூமிங்டன் என்ற சிறு நகரம். சிகாகோவின் பெயரோடு ஒப்பிட்டால் அது இறக்கமாகத்தான் அப்போது தெரிந்திருக்கும். பெரிய வேலையெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

அந்த ஆண்டு நடந்த சிறு சம்பவம் ஒன்றை அவரே பின்னால் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். சிகாகோவின் இளங்குற்றவாளிகள் வாழும் பகுதிகளை ஆராய்ந்த ஹென்றி மெக்கே, பேச்சுவாக்கில் 'உங்கள் குற்றக் கோட்பாடு' என்று குறிப்பிட்டார். சதர்லேண்டுக்கு ஆச்சரியம். என் கோட்பாடா, அது என்ன என்று கேட்டார். மெக்கே அவருடைய புத்தகத்தையே எடுத்து 51, 52ஆம் பக்கங்களைப் பாருங்கள் என்றார். 1934இல் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கிரிமினாலஜி' என்ற பெயரில் வந்த இரண்டாம் பதிப்பு அது. போகிற போக்கில் எழுதி வைத்த சில வரிகள்.

அந்த வரிகள்தான் 1939இல் மூன்றாம் பதிப்பில் ஏழு கூற்றுகளாக விரிந்து, 1947இல் நான்காம் பதிப்பில் ஒன்பதாகி, நீங்கள் மனப்பாடம் செய்யும் டிஃபரன்ஷியல் அசோசியேஷன் கோட்பாடு ஆயின. 1939இல் 'முறையான, தொடர்ந்த குற்றநடத்தை' என்று ஒரு வேலி போட்டிருந்தார். முறையான குற்றம் எது, முறையற்றது எது என்று பிரிக்க முடியவில்லை என்று மற்றவர்கள் காட்டியதும் 1947இல் அந்த வேலியை எடுத்துவிட்டார்.

இந்தக் கோட்பாட்டை நம் விடைத்தாள்களில் எழுதும் விதம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'சேர்க்கை சரியில்லாததால் கெட்டுப்போனான்' என்று வீட்டில் சொல்வதையே சற்று நீட்டி எழுதிவிடுகிறார்கள். சதர்லேண்ட் சொல்வது அதுவல்ல. கெட்டவர்களோடு பழகுவதுதான் காரணம் என்றால் ஜெயில் வார்டர்களும் போலீஸ்காரர்களும் முதலில் குற்றவாளிகளாகியிருக்க வேண்டும். அவர் பேசுவது ஆட்களைப் பற்றி அல்ல, நெருக்கமானவர்களிடமிருந்து நமக்குள் வந்து சேரும் நியாயங்களைப் பற்றி. 'இந்தச் சட்டத்தை மீறினால் தப்பில்லை' என்ற நியாயங்கள், 'மீறக்கூடாது' என்ற நியாயங்களைவிட ஒருவரிடம் கூடுதலாகச் சேரும்போது அவர் மீறுகிறார். அந்த நியாயம் எத்தனை முறை காதில் விழுந்தது, எவ்வளவு காலம், எவ்வளவு சிறு வயதில், சொன்னவர் மீது எவ்வளவு மதிப்பு, இவையெல்லாம் கணக்கு. மிக நல்ல மனிதர் ஒருவரிடமிருந்தும் வரி ஏய்ப்புக்கான நியாயத்தை ஒரு பையன் கற்றுக்கொள்ளலாம். "எல்லாரும் ரெண்டு பில் புக் வெச்சிருக்காங்கப்பா, நாம மட்டும் ஏன் ஏமாளியா இருக்கணும்?" என்று அன்பான அப்பா சொல்லும் ஒரு வாக்கியம் போதும். கோட்பாட்டின் கூர்மை இங்கே இருக்கிறது.

இங்கிருந்துதான் அடுத்த அடி. குற்றம் கற்றுக்கொள்ளும் ஒன்று என்றால் சேரியில் மட்டும் ஏன் தேட வேண்டும்?

1939 டிசம்பர் 27. ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கச் சமூகவியல் சங்கமும் பொருளாதாரச் சங்கமும் சேர்ந்து கூடிய அவை. அந்த ஆண்டு சமூகவியல் சங்கத்தின் தலைவர் சதர்லேண்ட். தலைமையுரையின் பொருள் வெள்ளைக் காலர் குற்றவாளி, அதாவது அந்தஸ்தோடு இருந்துகொண்டு தன் தொழிலிலேயே குற்றம் செய்பவர். குற்றத்தைப் பற்றிய கோட்பாடுகள் எல்லாம் போலீஸிலும் சிறையிலும் சிக்கியவர்களை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை, அதனால்தான் வறுமையும் மனக்கோளாறும் காரணமாகத் தெரிகின்றன என்றார். வங்கி, பங்குச்சந்தை, காப்பீடு, எண்ணெய், மருத்துவம், அரசியல் என்று மேல்தட்டில் நடப்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காரணங்கள் நிற்காது என்று வாதிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 1929 பங்குச்சந்தைச் சரிவின் சூடு ஆறவில்லை. நியூயார்க் பங்குச்சந்தையின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் விட்னி பணம் கையாடியதற்காக 1938இல்தான் சிறைக்குப் போயிருந்தார். மறுநாள் நாளிதழ்கள் உரையைச் செய்தியாக்கின.

உரை நிகழ்த்துவது ஒரு மாலை வேலை. ஆதாரம் திரட்டுவது அப்படி இல்லை. அமெரிக்காவின் மிகப்பெரிய 70 உற்பத்தி, சுரங்க, வணிக நிறுவனங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் சராசரியாக 45 ஆண்டு வயதுடையவை. அவற்றின் மீது நீதிமன்றங்களும், கூட்டாட்சி வணிக ஆணையம் போன்ற அமைப்புகளும் அளித்த பாதகமான தீர்ப்புகள் அனைத்தையும் தேடி எடுத்தார். போட்டியை முடக்கியது, பொய் விளம்பரம், காப்புரிமை மீறல், தொழிலாளர் சட்ட மீறல், கள்ளத் தள்ளுபடி, நிதி மோசடி. மொத்தம் 980 தீர்ப்புகள். ஒரு நிறுவனம்கூடத் தப்பவில்லை. சராசரி 14. இரண்டும் அதற்கு மேலும் வாங்கியவை 97.1 சதவீதம். சாதாரணத் திருடனுக்கு நான்கு தண்டனை ஆனால் பழங்குற்றவாளி என்று சட்டம் சொல்லும் மாநிலங்கள் இருந்தன. அந்த அளவுகோலை வைத்தால் இந்த 70இல் 90 சதவீதம் பழங்குற்றவாளிகள். இந்த வரியை அவர் நிதானமாக, குரல் உயர்த்தாமல் எழுதுகிறார்.

எதிர்ப்பு சட்டத்தின் பக்கமிருந்து வந்தது. 980இல் குற்றவியல் நீதிமன்றம் வழங்கியவை 158 மட்டுமே. மற்றவை உரிமையியல் தீர்ப்புகளும் ஆணையங்களின் உத்தரவுகளும். அவற்றை எப்படிக் குற்றம் என்பது? இந்த மாதிரி மறுப்புகளுக்கு சதர்லேண்ட் 1945இலேயே பதில் எழுதினார். தீங்கு இன்னது என்று சட்டம் சொல்லியிருக்கிறது, தண்டனையும் வைத்திருக்கிறது. தொழிலதிபர்களுக்கு மட்டும் அதைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வெளியே நடத்த வழி செய்திருக்கிறது. அந்தச் சலுகையால் செயலின் தன்மை மாறிவிடாது என்பது அவர் நிலை. 1947இல் பால் டாப்பன், சட்டமும் சமூகவியலும் இரண்டும் படித்தவர், கடுமையாக மோதினார். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்க்காத ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல ஆய்வாளருக்கு உரிமை இல்லை. அப்படிச் சொன்னால் தனக்குப் பிடிக்காத எவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார். டாப்பன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. இருந்தாலும் ஆய்வின் எல்லையை நீதிமன்றம் வரைந்த கோட்டிலேயே நிறுத்தினால், கோட்டை வளைக்கும் வசதி உள்ளவர்கள் ஆய்விலிருந்தும் தப்பிவிடுவார்கள். இந்த விஷயத்தில் நான் சதர்லேண்ட் பக்கம்.

1949இல் 'ஒயிட் காலர் கிரைம்' புத்தகம் வந்தபோது அதில் ஒரு நிறுவனத்தின் பெயரும் இல்லை. பெயர் போட்டுக் குற்றவாளி என்று அச்சிட்டால் அவதூறு வழக்கு வரும் என்று டிரைடன் பதிப்பகம் பயந்தது. பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் கவலை. சதர்லேண்ட் பெயர்களை எடுத்தார். மூன்று நிறுவனங்களின் கதையை விரிவாகச் சொன்ன அத்தியாயத்தையும் எடுத்தார். வெட்டப்படாத முழுப் பிரதியை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1983இல்தான் வெளியிட்டது. பட்டியலின் உச்சியில் தலா 50 தீர்ப்புகளோடு இருந்தவை ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரு இறைச்சி நிறுவனங்கள் என்று பொது வாசகர்கள் அறிய 34 ஆண்டு ஆனது. அவர் இறந்தே 33 ஆண்டு ஆகியிருந்தது. அவர் பணிந்துபோனார் என்று சிலர் எழுதுவதுண்டு. அறுபத்தைந்து வயதில், பெயர் இல்லாமலாவது எண்கள் வெளியே வரட்டும் என்று முடிவெடுத்த ஒருவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்கள் வெளியே வந்ததால்தான் பெயர்களைத் தேடினார்கள்.

இதைவிட அரிதான ஒரு செயலும் உண்டு. 1944இல் தன் கோட்பாட்டுக்கு எதிராகத் தானே ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் அதன் 'அன்னப்பாட்டு' என்று, அதாவது கடைசிப் பாட்டு என்று, வைத்தார். கற்றுக்கொண்ட ஒருவருக்கும் வாய்ப்பு இல்லாவிட்டால் குற்றம் நடக்காதே, தேவையின் கடுமை என்ன ஆயிற்று, வேறு வழிகள் இருப்பதும் இல்லாததும் கணக்கில் வரவேண்டாமா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். நண்பர்களிடம் மட்டும் சுற்றிய அந்தக் கட்டுரை 1956இல் அவருடைய தாள்களைத் தொகுத்தபோதுதான் அச்சேறியது. கோட்பாட்டை அவர் கைவிடவில்லை. 1947 பதிப்பு அதற்குப் பின்தான் வந்தது. ஆனால் பின்னால் வந்த விமர்சகர்கள் சொன்னதில் பாதியை அவரே முன்னதாக எழுதிவைத்திருந்தார்.

மாணவர்கள் விஷயத்திலும் அவருக்குக் கொடுப்பினை. ஆல்பர்ட் கோஹன், லாய்ட் ஓலின், டொனால்ட் கிரெஸ்ஸி மூவரும் இண்டியானாவில் அவரிடம் படித்தவர்கள். மூவர் பெயரும் உங்கள் பாடத்திட்டத்தில் தனித்தனியாக இருக்கும். இவர்களில் கிரெஸ்ஸியின் கதை சுவையானது. நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த பணத்தைக் கையாடியவர்களைச் சிறைகளில் சந்தித்துப் பேசி, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பணச்சிக்கல்தான் தொடக்கம் என்று கண்டார். கையாடும் நுட்பத்தை அவர்கள் யாரிடமும் தனியாகக் கற்கவில்லை, தங்கள் வேலையே அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆசிரியரின் கோட்பாட்டை இது அங்கங்கே இடிக்கிறது. அதே கிரெஸ்ஸிதான் ஆசிரியர் மறைந்தபின் பாடப்புத்தகத்தை ஏற்று 1955இல் ஐந்தாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அந்தப் புத்தகம் 1992இல் பதினோராம் பதிப்பு வரை ஓடியது. ஆசிரியரோடு முரண்படும் மாணவரிடம் புத்தகம் போய்ச் சேர்ந்தது நல்லதாகவே முடிந்தது.

கடைசி ஆண்டிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பாலியல் வக்கிரம் உள்ளவர்கள் என்று சிலரை மருத்துவர் சொல்லைக் கொண்டு காலவரையின்றி அடைத்துவைக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் பரவிக்கொண்டிருந்தன. ஒரு கொடூரச் சம்பவம், பத்திரிகைப் பரபரப்பு, ஊரெல்லாம் பயம், உடனே ஒரு குழு, குழுவின் பரிந்துரையில் ஒரு சட்டம் என்று அவை பிறக்கும் விதத்தை 1950இல் இரண்டு கட்டுரைகளில் காட்டினார். சட்டம் சொல்லும் அந்த வகை மனிதரை யாராலும் திட்டவட்டமாக வரையறுக்க முடியவில்லை என்றும் எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று, ப்ளூமிங்டனில் வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது 67.

நம் நாட்டோடு தொடர்பு கேட்பீர்கள். தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964இல் அளித்த அறிக்கை வெள்ளைக் காலர் குற்றங்களின் வளர்ச்சியைத் தனியே எடுத்துப் பேசியது. அதை ஒட்டி, இத்தகைய குற்றங்களை இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கலாமா என்று சட்ட ஆணையம் 1966இல் தன் 29ஆம் அறிக்கையில் ஆராய்ந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பேராசிரியர் பேசிய சொல், கால் நூற்றாண்டுக்குள் டெல்லியில் அரசுக் குழுக்களின் மேசைக்கு வந்திருந்தது.

வீட்டில் சொல்ல வேண்டிய பதிலும் இதிலேயே இருக்கிறது. போலீஸ் ஒரு குற்றத்தைப் பிடிப்பார், வக்கீல் ஒரு வழக்கை வாதாடுவார். குற்றவியல் பேராசிரியர் ஆயிரம் வழக்குகளைச் சேர்த்து வைத்து, யார் சிக்குகிறார்கள், யார் சிக்குவதில்லை, ஏன் என்று பார்ப்பார். சம்பளமும் அதற்குத்தான். வழி நேராக இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் பற்றி ஆய்வு செய்தவர், யாரோ கேட்டதால் எழுதிய பாடப்புத்தகத்தின் வழியே இங்கே வந்தார்.

படிக்கும் வரிசை ஒன்று சொல்கிறேன். முதலில் 1940 பிப்ரவரியில் அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ இதழில் அச்சான அந்த ஃபிலடெல்ஃபியா உரை. அதிகம் போனால் ஒரு மணி நேரம் ஆகும். அடுத்து அதே இதழில் 1945இல் வந்த அவர் பதிலையும் 1947இல் வந்த டாப்பனின் மறுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். பிறகு திருடர் புத்தகம். பிறகு 1983 பதிப்பில் அந்த மூன்று நிறுவனங்களின் அத்தியாயம். நோட்ஸில் இருக்கும் ஒன்பது கூற்றுகளுக்கு அதன்பின் வாருங்கள், கூடவே அந்த 1944 கட்டுரையையும் வைத்துக்கொள்ளுங்கள். செமினாருக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், நம் மாநிலத்தில் தொழிலாளர் நீதிமன்றங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வழங்கிய உத்தரவுகளை எடுத்து, ஒரே ஒரு தொழில்துறைக்கு மட்டும், அவர் போட்ட மாதிரி ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள்.